ஒட்டுக் கைப்பிடிக்கு 1 ஸ்டார், அளவெடுக்க வந்த பெண்ணுக்கு 4: விழுந்து எழுந்த ஒரு தையல்காரியின் விமர்சனம்

நான் 40 வருடம் துணி தைத்தவள். இப்போது 73 வயது. 'எல்லோருக்கும் பொருந்தும்' என்று எழுதியிருக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். அப்படித் தைத்து விற்ற சட்டைகளைப் பிரித்துத் திருத்திக் கொடுத்தே பாதி வருமானம் பார்த்தவள் நான்.

போன வருடம் விழுந்தேன். சொன்னவுடன் எல்லோரும் "பாத்ரூமிலா?" என்று கேட்கிறார்கள். இல்லை. ராத்திரி 3 மணிக்கு டாய்லெட் போய்விட்டுத் திரும்பும்போது படுக்கையறை வாசலில் கிடந்த மிதியடியின் விளிம்பில் கால் மாட்டியது. இடது கையை ஊன்றினேன். மணிக்கட்டு எலும்பு போனது. 6 வாரம் மாவுக்கட்டு. அந்த மிதியடி வெட்டுத்துணிகளைச் சேர்த்து நானே தைத்தது. அது தனிக் கதை, அப்புறம் வருகிறேன்.

கட்டுப் பிரிப்பதற்குள் மகள் ஒரு பெட்டி நிறையச் சாமான் வாங்கி அனுப்பிவிட்டாள். சுவரில் ஒட்டும் கைப்பிடி, குளிக்கும் இடத்தில் போடும் ரப்பர் விரிப்பு, ஆள் நடந்தால் தானே எரியும் சின்ன விளக்கு நான்கு, கழுத்தில் மாட்டும் அழைப்பு மணி ஒன்று. பெட்டியைத் திறந்தபோது கோபம்தான் வந்தது. ஒரு தடவை விழுந்ததற்குக் கிழவி பட்டம் கட்டிவிட்டாளே என்று.

முதலில் அந்தக் கைப்பிடி. இரண்டு முனையிலும் ரப்பர் கிண்ணம். சுவரில் அழுத்தி, மேலே உள்ள நெம்பை மடக்கினால் காற்று வெளியேறி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் பச்சை தெரியும், பிடி தளர்ந்தால் சிவப்பு. ஆணி வேண்டாம், துளை வேண்டாம், 1 நிமிட வேலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி பாத்ரூமில் டொப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால் கைப்பிடி தரையில் கிடக்கிறது. யாரும் தொடவில்லை, தானாக விழுந்திருக்கிறது. சரி, சரியாக அழுத்தவில்லை போல என்று துடைத்து மறுபடி ஒட்டினேன். அடுத்த வாரம் குளித்துவிட்டுத் திரும்பும்போது பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. நல்ல வேளை, இன்னொரு கை வாஷ்பேசினில் இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. எங்கள் பாத்ரூம் சுவரில் சின்னச் சின்ன டைல்ஸ். கிண்ணத்தின் வட்டம் டைல்ஸைவிடப் பெரியது. எப்படி வைத்தாலும் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் உள்ள இடுக்கு கிண்ணத்துக்கு அடியில் வந்துவிடும். அந்த இடுக்கு வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். பெரிய, வழவழப்பான டைல்ஸில் இது நாள்கணக்கில் நிற்கலாம். ஆனால் அங்கேயும் இதை நம்பி உடம்பைத் தொங்கவிடக்கூடாது. பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: உடல் எடையைத் தாங்குவதற்கல்ல, நிதானத்துக்கு மட்டும். விழப்போகிறவள் நிதானத்துக்கு மட்டும் என்று அளந்தா பிடிப்பாள்? பொய்க் கைப்பிடி இருப்பதைவிட ஒன்றுமே இல்லாமல் இருப்பது மேல். இல்லாவிட்டால் நான் ஜாக்கிரதையாகவாவது இருந்திருப்பேன். 1 ஸ்டார், அதுவும் அந்தப் பச்சை சிவப்பு யோசனைக்காக.

கைப்பிடி கையோடு வந்த கதையைப் போனில் சொன்னதும் மகள் வீட்டைப் பார்த்துச் சொல்லும் ஒரு சேவைக்குப் பதிவு செய்தாள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்ய உதவும் நிபுணர் ஒருவர், வீட்டுக்கே வந்து, எங்கெங்கே விழ வாய்ப்பிருக்கிறது என்று பார்த்து, எதை மாற்றலாம் என்று சொல்வார். மாற்றும் வேலைக்கும் அவர்களே ஆள் அனுப்புவார்கள். நான் வேண்டாம் என்றேன். "ஒருத்தி வந்து என் வீட்டைக் குறை சொல்றதுக்கு நாம காசு கொடுக்கணுமா?" என்று கேட்டேன். அவள் போனைப் பார்த்துப் படித்தாள்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 22 ஆய்வுகளைச் சேர்த்து 2023இல் வெளியிட்ட தொகுப்பில், வீட்டில் உள்ள ஆபத்துகளைச் சரிசெய்தால் முதியவர்கள் விழுவது 26 சதவீதம் குறைகிறதாம். ஏற்கெனவே விழுந்தவர்கள் மாதிரி ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 38 சதவீதம். "நீ அந்த 38ல இருக்கேம்மா" என்றாள். எண்களை வைத்துப் பேசினால் நான் அடங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

வந்த பெண்ணுக்கு 30 வயதிருக்கும். கையில் பட்டியல் வைத்துக்கொண்டு வீடு முழுக்க டிக் அடிப்பாள் என்று நினைத்தேன். பட்டியல் இருந்தது, பைக்குள் இருந்தது. முதலில் என்னைத்தான் பார்த்தாள். நாற்காலியில் உட்கார வைத்து, 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு ஒட்டுநாடா ஒட்டினாள். "அம்மா, எழுந்து அது வரைக்கும் எப்பவும் போல நடந்து, திரும்பி வந்து உட்காருங்க." எனக்கு 15 விநாடி ஆனது. 12 அல்லது அதற்கு மேல் போனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்களாம். "நடை நல்லாத்தான் இருக்கும்மா, எழுந்திரிக்கத்தான் நேரமாகுது" என்றாள். உண்மை. கைகளை ஊன்றாமல் என்னால் எழவே முடியவில்லை என்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

அப்புறம் படுக்க வைத்து பிரஷர் பார்த்தாள். எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிடத்தில் ஒரு தடவை, 3 நிமிடத்தில் ஒரு தடவை. படுத்திருக்கும்போது மேல் அளவு 138. நின்றதும் 114. நின்ற 3 நிமிடத்துக்குள் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டும் என்றாள். ராத்திரி திடீரென்று எழுந்தால் தலை லேசாவது அதனால்தானாம். மாத்திரையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, எண்களை எழுதிக் கொடுத்து டாக்டரிடம் காட்டச் சொன்னாள். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். வீட்டைப் பார்க்க வந்தவள் கண்டுபிடித்த முதல் ஆபத்து என் மாத்திரை டப்பாவில் இருந்தது. இதற்காகவே ஒரு ஸ்டார் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அடுத்து அவள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, "ராத்திரி எழுந்து போற மாதிரி போங்கம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு. படுத்து, எழுந்து, போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பின்னாலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். திரையைத் திறந்ததும் என்னை அலமாரிக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். "இங்க பாருங்க." அலமாரிக் கதவின் விளிம்பில், என் தோளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக மினுங்கியது. கதவு நிலையில் இன்னொன்று. பாத்ரூம் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒன்று. எல்லாம் என் கை. வருடக்கணக்காக இருட்டில் நான் பிடித்துப் பிடித்துப் போன அழுக்கு. தினமும் துடைக்கிற வீடு, என் கண்ணில் பட்டதே இல்லை.

பாத்ரூமுக்குள் போனதும் துண்டு போடும் கம்பியை ஒரு விரலால் ஆட்டினாள். ஆடியது. "இது துண்டு போட்டு ஆடல இல்ல?" என்றாள். ஆமாம். டாய்லெட்டிலிருந்து எழும்போது நான் அதைத்தான் பிடிக்கிறேன். ஒரு திருகு பாதி வெளியே வந்திருந்தது. துண்டுக்கென்று அடித்த கம்பி ஒரு ஆளை எத்தனை நாள் தாங்கும்?

துணியில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போட்டவர் எப்படி உட்காருவார், எந்தத் தோளில் பை மாட்டுவார் என்று நான் சொல்லிவிடுவேன். இவள் அதையே சுவரில் படிக்கிறாள். அந்த நிமிடத்திலிருந்து நான் எதிர்த்துப் பேசவில்லை. மிதியடி விஷயத்தைத் தவிர.

மிதியடிக்கு வருகிறேன். 12 வருடத்துக்கு முன்னால் கடையை மூடியபோது மிச்சமிருந்த துணித்துண்டுகளில் செய்தது. ஓரத்துக்கு மூன்று மடிப்புத் தையல். அந்த மூன்று மடிப்புதான் என் காலை வாரியது, தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி நிற்கிறது. அவள் கால் கட்டைவிரலால் மூலையைத் தொட்டாள், தூக்கிக்கொண்டது. "எடுத்துடலாமா?" என்றாள். முடியாது என்றேன். இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா போட்டுத் தரையோடு ஒட்டலாம், ஆனால் துவைக்க எடுக்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும் என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. போன பிறகு நானே எடுத்துச் சாய்வு நாற்காலியின் முதுகில் போட்டேன். அங்கே நன்றாகத்தான் இருக்கிறது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கிற பரண் பெட்டி கீழே வந்துவிட்டது. குதிகாலில் பிடிப்பில்லாத செருப்பு போய், பின்னால் வார் வைத்த, மெல்லிய கெட்டியான அடியுள்ள செருப்பு வந்தது. நைட்டியின் நீளத்தை நானே 2 அங்குலம் குறைத்து மடித்தடித்தேன். அதை அவள் சொல்வதற்கு முன்பே நான் சொன்னேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கண்ணாடி விஷயம் மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு ஒரே கண்ணாடியில் மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும். பின்வாசலில் இறங்க 2 படி. இறங்கும்போது குனிந்து பார்த்தால் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கிறேன். அது கையில் வைத்துப் படிக்கிற தூரத்துக்கானது, படியின் விளிம்பு கலங்கித்தான் தெரியும். நடமாட மட்டும் தூரப் பார்வைக் கண்ணாடி தனியாகப் போட்டுக்கொண்டால் நல்லது என்றாள். படி விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை ஒட்டச் சொன்னாள். படியும் தரையும் ஒரே சாம்பல் நிறம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தையலை எனக்குப் பிரிக்கத் தெரியும், ஆனால் அது உட்கார்ந்து செய்கிற வேலை. பட்டை ஒட்டிய பிறகு படி எங்கே முடிகிறது என்று கால் தேடுவதில்லை.

இப்போது குறைகள்.

கம்பி பொருத்த வர வேண்டிய ஆள் சொன்ன தேதிக்கு 10 நாள் கழித்து வந்தார். அந்த 10 நாளும் நான் அதே ஆடுகிற துண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்தவர் எடுத்தவுடன் தரையிலிருந்து 90 செ.மீ. என்று பென்சிலால் கோடு போட்டார். தெரபிஸ்ட் என்னை உட்கார வைத்து, நிற்க வைத்து, முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்து 80இல் குறி வைத்திருந்தாள். நான் 4 அடி 10 அங்குலம். "எல்லாருக்கும் 90தாம்மா போடுவோம்" என்றார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றோம். கடைசியில் போன் போட்டுக் கேட்டுவிட்டு 80இல் துளைத்தார். ஒரு டைல்ஸின் மூலை தெறித்துவிட்டது, அதற்கு வெள்ளைச் சிமென்ட் பூசிவிட்டுப் போனார்.

ஆனால் கம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கனம் 35 மி.மீ., என் கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க முடிகிறது. மேலே சொரசொரப்பு இருப்பதால் சோப்புக் கையிலும் வழுக்குவதில்லை. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 38 மி.மீ. இடைவெளி. இன்னும் கொஞ்சம் கூட இருந்தால் நன்றாக இருக்குமே என்று கேட்டேன். வேண்டாம், வழுக்கினால் முன்கை முழுதும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், உடைந்துவிடும் என்றார். கேட்கும்போதே பழைய மணிக்கட்டு வலித்தது. துளை டைல்ஸைத் தாண்டி உள்ளே உள்ள கெட்டிச் சுவர் வரை போயிருக்கிறது. பொருத்தி முடித்ததும் மனிதர் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக் காட்டினார். நல்ல கனமான ஆள். அதற்குப் பிறகு அவர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

அறிக்கைதான் மோசம். 11 பக்கம். அதில் எனக்கென்று எழுதியது 4 பக்கம்தான், மீதி எல்லோருக்கும் அடித்து வைத்தது. எங்கள் வீட்டில் மாடியே இல்லை, மாடிப்படிக் கைப்பிடி பற்றி 2 பக்கம் இருக்கிறது. நேரில் அவ்வளவு கவனமாகப் பார்த்தவள், தாளில் ஏன் ரெடிமேட் சட்டையை மாட்டிவிட்டாள் என்று தெரியவில்லை. ஒரு ஸ்டார் இதில்தான் போகிறது.

மகள் அனுப்பிய பெட்டியில் உருப்பட்டவை என்றால் அந்த விளக்குகள். நான் முதலில் கண்மட்டத்தில் ஒட்டியிருந்தேன். ராத்திரி முகத்தில் அடித்துக் கண் கூசி, அடுத்த 10 அடி குருட்டு நடை. தெரபிஸ்ட் அவற்றை முழங்காலுக்குக் கீழே இறக்கி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை வரிசையாக ஒட்டினாள். இப்போது கால் வைக்கிற இடம் மட்டும் தெரிகிறது. வயதானால் கண்மணி சின்னதாகிவிடும், உள்ளே போகிற வெளிச்சமே குறைவு என்றாள். மகளுக்குப் போதுமான வெளிச்சம் எனக்குப் போதாது. ஒரே தொல்லை, பாத்ரூமுக்குள் வைத்தது அசைவில்லாவிட்டால் 20 விநாடியில் அணைந்துவிடும். என் வயதில் டாய்லெட்டில் 20 விநாடியில் என்ன ஆகும்? இருட்டில் உட்கார்ந்து யாருக்கோ டாட்டா காட்டுகிற மாதிரி கையை ஆட்ட வேண்டியிருந்தது. பின்னால் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, அதில் 90 விநாடிக்கு மாற்றலாம். மகள் வந்துதான் கண்டுபிடித்தாள். 4 ஸ்டார்.

ரப்பர் விரிப்பு 3. வழுக்காது, உண்மைதான். ஆனால் வாரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் அடியில் சோப்புப் பிசுக்கு படிந்து, அதுவே வழுக்கும்.

கழுத்து மணியை நான் பாத்ரூம் கொக்கியில் மாட்டி வைத்திருந்தேன். தெரபிஸ்ட் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கீழ கிடந்தா கை எட்டுமா?" அவ்வளவுதான் கேட்டாள். விழுவதைவிட விழுந்த இடத்திலேயே எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடப்பதுதான் பலருக்கு ஆபத்தாகிறது, தசை நசுங்கிக் கெடும், உடம்பில் நீர் வற்றும் என்றாள். அன்றே தரையில் விரிப்பு போட்டு எழவும் கற்றுக்கொடுத்தாள். உடனே எழக்கூடாது. எங்கே வலி என்று பார்த்து, ஒருக்களித்து, முழங்கையில் ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, கெட்டியான நாற்காலி வரை தவழ்ந்து போய், இரண்டு கையையும் அதில் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். 3 தடவை செய்தேன். மூன்றாவது தடவை அவள் கை கொடுக்கவே இல்லை. மணி இப்போது கழுத்தில்தான் இருக்கிறது. டேப் தொங்கிய இடம் என்பதால் பழகிவிட்டது.

வீட்டை மாற்றினால் மட்டும் போதாது, காலுக்கும் வேலை வேண்டும் என்று தினமும் செய்ய இரண்டு பயிற்சி கொடுத்தாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. என் தாழ்வான சோபாவுக்கு அடியில் கட்டை கொடுத்து 6 செ.மீ. உயர்த்திய பிறகுதான் இரண்டாவது முடிந்தது. முழங்காலுக்குப் பின்னாலிருந்து தரை வரை எனக்கு 41 செ.மீ., சோபா இருந்தது 37. என் கால் அளவைவிடத் தாழ்வான ஆசனத்தில்தான் 20 வருடமாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

6 மாதம் கழித்துப் போன வாரம் மறுபடி வந்தாள். இது சேவையில் சேர்ந்ததுதான், தனிக் கட்டணம் இல்லை. அதே நாற்காலி, அதே 3 மீட்டர். 11 விநாடி. இந்த 6 மாதத்தில் ஒரு தடவை தடுமாறினேன், விழவில்லை. நான் டீச்சரிடம் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றேன். அவள் அதற்குள் சுவர்களைப் பார்க்கப் போய்விட்டாள். அலமாரி விளிம்பு சுத்தமாக இருந்தது, பாத்ரூம் சுவிட்சுப் பக்கமும் சுத்தம். பின்வாசலில் நின்றாள். கதவு நிலையின் இடது பக்கம், இடுப்பு உயரத்தில், புதிதாக ஒரு பழுப்பு.

அங்கே ஒரு கம்பி வேண்டும். வியாழக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குறியை இந்த முறை நானே போட்டு வைத்துவிட்டேன், பென்சிலில் இல்லை, தையல் சாக்பீஸில்.